அப்பாவின் மூக்கு ஏன் பெரிதாயிற்று?

உருவப்பட ஓவியத்துக்கான புகைப்படங்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வீட்டுப் பெரியவர் ஒருவரின் உருவப்படத்தைத் தைலவண்ணத்தில் வரையச் சொல்லும்போது அளவு, காலக்கெடு, முன்பணம் ஆகியவற்றை ஓவியரிடம் எப்படிப் பேசிக்கொள்வது என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். அந்தக் கட்டுரையின் கடைசியில் "நல்ல புகைப்படமாகக் கொடுங்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். நல்ல புகைப்படம் என்றால் என்ன என்று கேட்டு பெங்களூரின் பல பகுதிகளிலிருந்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரே பொருளைக் கேட்டவற்றைச் சேர்த்து, ஏழு கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

வருகிற தை மாதம் என் அப்பாவுக்கு எண்பது வயது நிறைகிறது. அவருடைய உருவப்படத்தை விழாவன்று திறந்து வைக்க வேண்டும் என்பது பிள்ளைகள் எங்கள் ஆசை. கைபேசியில் நாற்பது படங்கள் எடுத்து அனுப்பினேன். எல்லாம் தெளிவாகத்தான் இருக்கின்றன. ஆனால் ஓவியர் ஒன்றுகூட உதவாது என்கிறார், "உங்கள் அப்பாவின் மூக்கு உண்மையிலேயே இவ்வளவு பெரியதா?" என்று வேறு கேட்கிறார். எங்கே பிழை செய்தேன்?
— ஒரு வாசகி, அல்சூர்

நீங்கள் இணைத்திருந்த மூன்று படங்களை வைத்தே சொல்கிறேன். முதல் படம் இரவில் எடுத்தது. அப்பா சோபாவில் அமர்ந்திருக்க, நீங்கள் ஒன்றரை அடி தூரத்தில் நின்று, மேலிருந்து குனிந்து, ஃபிளாஷுடன் எடுத்திருக்கிறீர்கள். இரண்டாவது ஏதோ ஒரு பாராட்டு விழாவில் எடுத்தது. தலையில் மைசூர்ப் பேட்டா, தோளில் சால்வை, கழுத்தில் சந்தன மாலை. இந்த மூன்றையும் கழித்துவிட்டால் அப்பாவில் மிஞ்சுவது மூக்குக்கண்ணாடி மட்டும்தான். மூன்றாவது மொட்டை மாடியில் நண்பகல் வெயிலில் எடுத்தது. கண்கள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கரிய குழிகள் இருக்கின்றன.

முதலில் மூக்கின் கதையைப் பார்ப்போம். ஒருவருடைய மூக்கு நுனிக்கும் காதுக்கும் முன்பின்னாக ஏறத்தாழ 5 அங்குல இடைவெளி உண்டு. 18 அங்குலத் தூரத்திலிருந்து படமெடுத்தால் மூக்கு லென்ஸுக்கு 18 அங்குலத்திலும் காது 23 அங்குலத்திலும் இருக்கும். அருகில் இருப்பது பெரிதாகப் பதியும் என்பதால், காதோடு ஒப்பிடும்போது மூக்கு உள்ளதைவிட ஏறக்குறைய 28 விழுக்காடு பெரிதாகிவிடுகிறது. காதுகளோ கன்னத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்கின்றன. அதே ஆளை 8 அடி தள்ளி நின்று எடுத்தால் கணக்கு 96-க்கு 101 என்று ஆகி, வேறுபாடு 5 விழுக்காட்டுக்குச் சுருங்கிவிடும். கூடத்தின் மறுபக்க நாற்காலியில் உட்கார்ந்து இத்தனை ஆண்டுகளாக நீங்கள் பார்த்துவரும் அப்பாவின் முகம் இதுதான். பலர் இதைக் கைபேசி லென்ஸின் குறை என்று நினைத்து விலை கூடிய கைபேசி வாங்கப் புறப்படுகிறார்கள். நான்கு எட்டு பின்னால் போனால் போதும். 6 முதல் 8 அடி தூரத்தில் நின்றுகொண்டு, இரண்டு மடங்கு அல்லது மூன்று மடங்கு ஜூம் வைத்து, முகமும் தோளும் மார்பும் அடங்கும்படி எடுங்கள். அதற்கு மேல் விரலால் இழுத்துப் பெரிதாக்க வேண்டாம். பெரும்பாலான கைபேசிகளில் அது வெறும் ஊதிப் பெருக்கலாகத்தான் இருக்கும்.

அடுத்தது வெளிச்சம். கன்ன எலும்பு எங்கே திரும்புகிறது, கண்ணுக்குக் கீழே உள்ள சதை எவ்வளவு தளர்ந்திருக்கிறது, மேலுதட்டின் நடுப்பள்ளம் எவ்வளவு ஆழம் என்பதையெல்லாம் ஓவியர் நிழலைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார். ஃபிளாஷ் லென்ஸுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் அதன் நிழல் முழுவதும் முகத்துக்குப் பின்னால் போய் விழுந்துவிடுகிறது. முகம் கல்லில் வார்த்த தோசையைப்போலத் தட்டையாகிவிடுகிறது. பார்ப்பதற்குத் தெளிவாக இருக்கிறது என்று நீங்கள் சொல்லும் படத்தில் ஓவியருக்குத் தேவையான செய்தி எதுவும் இல்லாமல் போவதற்கு இதுவே காரணம்.

ஆகவே, காலை 9 மணிக்கு மேல், நேரடி வெயில் விழாத ஒரு ஜன்னலிலிருந்து 3 அல்லது 4 அடி தள்ளி அப்பாவுக்கு நாற்காலி போடுங்கள். ஜன்னல் அவருக்கு ஒரு பக்கமாகவும் சற்று முன்பக்கமாகவும் இருக்கட்டும். ஜன்னலின் கீழ்ப்பாதியைத் துணியால் மறைத்துவிட்டால் வெளிச்சம் கண்மட்டத்துக்கு மேலிருந்து மட்டும் வரும்; அந்த ஒரு சிறு மாற்றம் முகத்துக்குத் தரும் கனத்தைச் செய்து பார்த்தவர்கள்தான் நம்புவார்கள். பிறகு அவருடைய மூக்கின் நிழலை மட்டும் கவனியுங்கள். அது மறுபக்க உதட்டோரத்தை நோக்கிச் சரிந்து விழ வேண்டும். நிழல் பக்கக் கன்னத்தில் கண்ணுக்குக் கீழே ஒரு சிறு முக்கோண வெளிச்சம் நிற்க வேண்டும். ஸ்டுடியோக்காரர்கள் இதை ரெம்பிராண்ட் லைட்டிங் என்பார்கள். முக்கோணம் கிடைக்கவில்லை என்றால் அவரை முகத்தைத் திருப்பச் சொல்லாதீர்கள். நாற்காலியையே கொஞ்சம் திருப்புங்கள். அறையின் டியூப்லைட்டையும் பல்புகளையும் அணைத்துவிடுங்கள். ஜன்னல் வெளிச்சத்தின் நிறம் வேறு, விளக்கின் நிறம் வேறு. இரண்டும் ஒரே கன்னத்தில் கலந்தால் எது தோலின் நிறம் என்று பிரித்தறிய முடியாது. நிழல் பக்கம் மிகவும் இருண்டு போனால் அந்தப் பக்கம் ஒரு நாற்காலி முதுகில் வெள்ளை வேட்டியை விரித்துப் போட்டால் போதும். கைபேசியை அவருடைய கண்மட்டத்தில் பிடியுங்கள். அதற்கு நீங்களும் ஒரு முக்காலியில் உட்கார வேண்டியிருக்கும். நின்றுகொண்டு எடுத்தால் நெற்றி பெருத்து முகவாய் சிறுத்துவிடும்.

அப்பா கண்ணாடி அணிபவர் என்பதால் இன்னொன்று. கண்ணாடியில் ஜன்னல் பளபளத்தால் அதன் காம்புகளைக் காதின் மேல் அரை அங்குலம் உயர்த்தி வைக்கச் சொல்லுங்கள். லென்ஸ் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்ந்து பளபளப்பு விலகிவிடும். அதே இருக்கையில், அதே பார்வையில், கண்ணாடியைக் கழற்றியும் ஒரு படம் எடுங்கள். கிட்டப்பார்வைக் கண்ணாடி கண்ணைச் சிறிதாக்கும், எட்டப்பார்வைக் கண்ணாடி பெரிதாக்கும். உண்மையான கண் எது என்று ஓவியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பல்செட் போடும் வழக்கம் உள்ளவர் என்றால் போட்டுக்கொண்டுதான் உட்கார வேண்டும். அது இல்லாமல் எடுத்த படத்தை வைத்து முகத்தின் கீழ்ப்பாதியை யாராலும் ஊகித்து வரைய முடியாது.

பெரியவர்கள் கேமரா முன்னால் பள்ளிக்கூட ஆய்வாளர் வந்துவிட்டதுபோல விறைத்துக்கொள்வார்கள். "சிரியுங்கள்" என்று சொன்னால் நிலைமை இன்னும் மோசமாகும். பல் தெரியச் சிரிக்கும்போது கன்னம் ஏறிக் கண் சுருங்கிவிடுகிறது. புகைப்படத்தில் அது அழகு, ஆனால் இருபது ஆண்டுகள் கூடத்துச் சுவரில் தொங்கப்போகும் ஓவியத்தில் நாளாக நாளாக அது உறைந்த சிரிப்பாகத் தோன்றும். உங்கள் அருகில் பேரனையோ பேத்தியையோ உட்கார வைத்துத் தாத்தாவோடு பேச விடுங்கள். அவர் சிரித்து முடித்து, வாயை மூடி, சிரிப்பு இன்னும் கண்ணில் மீதமிருக்கும் அந்த இரண்டு விநாடிகளில் பொத்தானை அழுத்துங்கள். பேசும்போது ஒரு நிமிட வீடியோவும் எடுத்து அனுப்பலாம். அதைப் பார்த்து வரைய முடியாது. ஆனால் ஆள் எப்படிப்பட்டவர் என்று ஓவியருக்குப் புரிந்துவிடும். உடை, அவர் எதில் இயல்பாக இருப்பாரோ அதுவே போதும். கைகள் ஓவியத்தில் வருவதாக இருந்தால், மடியில் வைத்த நிலையில் அவற்றைத் தனியாகவும் அருகில் எடுங்கள்.

எங்கள் வீட்டில் வடக்கு ஜன்னலே இல்லை. வடக்கு வெளிச்சத்தில் எடுத்தால்தான் உருவப்படம் சரியாக வரும் என்று ஓவியப் புத்தகங்களில் எழுதியிருக்கிறார்கள். வேறு வீட்டுக்குப் போய் எடுக்க வேண்டுமா?
— ஒரு வாசகர், ராஜாஜி நகர்

தேவையில்லை. அந்த விதி ஐரோப்பிய ஓவியக்கூடங்களிலிருந்து வந்தது. அங்கே நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கு வானத்திலேயே போவதால் வடக்கு ஜன்னலில் நாளின் பெரும்பகுதி வெறும் வானத்தின் வெளிச்சம் மட்டுமே வரும். காலையில் தொடங்கிய நிழல் மாலை வரை அதிகம் மாறாது. டெல்லியில் இருக்கும் வாசகர்களுக்கும் இது பெரும்பாலும் பொருந்தும். பெங்களூர் ஏறத்தாழ 13 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் 24-ஐ ஒட்டி ஒருமுறையும் ஆகஸ்ட் 18-ஐ ஒட்டி மறுமுறையும் நண்பகல் சூரியன் இங்கே நேர் உச்சியில் நிற்கிறது. நட்டுவைத்த கம்புக்கு நிழல் விழாத அந்த நாள்களைத்தான் நிழலில்லா நாள் என்கிறார்கள். இவ்விரு நாள்களுக்கும் இடைப்பட்ட ஏறக்குறைய நான்கு மாதங்கள் நம் ஊரில் நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்து போகிறது. காலையிலும் மாலையிலும் இன்னும் வடக்கே ஒதுங்கி நிற்கிறது. வடக்கு ஜன்னல் உள்ளவர்களும் மே, ஜூன் மாதங்களில் அதன் வழியே வெயில் உள்ளே வருவதைப் பார்த்திருப்பார்கள்.

திசையை விட்டுவிட்டு, ஜன்னல் வழியே வானம் தெரிகிறதா, சூரியன் தெரியாமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கிழக்கு ஜன்னல் என்றால் பிற்பகலும் மேற்கு ஜன்னல் என்றால் முற்பகலும் ஏற்றவை. வெயில் விழுந்தே தீரும் என்றால் வெள்ளைத் திரையோ மெல்லிய வேட்டியோ கட்டி அதை வடிகட்டிக்கொள்ளலாம். நம் தெருக்களில் வேறொரு தொல்லை உண்டு. எதிர்வீடு பத்தடி தூரத்தில் நிற்கும். அதற்கு யாராவது பச்சையோ ரோஜா நிறமோ அடித்திருப்பார்கள். அந்தச் சுவரில் வெயில் பட்டுத் தெறித்து வரும் வெளிச்சம் உங்கள் அம்மாவின் கன்னத்தையும் பச்சையாக்கிவிடும். அப்படிப்பட்ட வீடு என்றால் பால்கனிக் கதவைத் திறந்து, வாசற்படிக்கு உள்ளே ஓரடி தள்ளி நாற்காலி போட்டு எடுங்கள். மேலே கூரை மறைத்திருப்பதால் வெளிச்சம் முன்பக்கத்திலிருந்தும் பக்கத்திலிருந்தும் மட்டுமே வரும். மேகம் மூடிய ஜூலை மாதப் பகல் இதற்கு மிக நல்லது. "மழை வரும்போல இருக்கிறதே, வெயில் வந்த பிறகு எடுக்கலாம்" என்று காத்திருப்பவர்கள் கையில் கிடைத்த நல்ல நாளை நழுவ விடுகிறார்கள்.

புதிய கைபேசி வாங்கியிருக்கிறேன். போர்ட்ரெய்ட் என்று தனி வசதியே இருக்கிறது. பின்னணி மங்கி, ஸ்டுடியோவில் எடுத்ததுபோல வருகிறது. ஆனால் ஓவியர் சாதாரணப் படமே போதும், அதையும் வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள் என்கிறார். ஏன் இந்தப் பிடிவாதம்?
— ஒரு வாசகர், ஒயிட்ஃபீல்டு

அவர் சொல்வது சரி. அந்த வசதியில் முகம் எது, பின்னணி எது என்று கைபேசி தானாகவே கணித்து, பின்னணி என்று நினைத்ததை மங்கலாக்குகிறது. அந்தக் கணிப்பு வழக்கமாகத் தவறும் இடங்கள் காது மடல், நெற்றியோரத்து முடி, கண்ணாடிக் காம்பு, ஜிமிக்கி ஆகியவை. உங்கள் கண் அதைக் கவனிக்காது. அந்தப் படத்தோடு மூன்று வாரம் உட்காரப்போகும் ஓவியர், காது எங்கே முடிகிறது என்று தேடித் தேடிச் சலித்துப்போவார். அழகூட்டும் ஃபில்டர் சில கைபேசிகளில் நாம் கேட்காமலேயே இயங்கிக்கொண்டிருக்கும். அமைப்புகளுக்குள் போய் அதை அணைத்துவிடுங்கள். தோலின் வரிகளை அது அழித்துவிட்டால் திரும்பப் பெற வழியில்லை. செல்ஃபி கேமராவையும் தவிர்த்துவிடுங்கள். கை நீளத்துக்கு மேல் தூரம் கிடைக்காது என்பதோடு, சில கைபேசிகள் செல்ஃபியைக் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாற்றியே சேமிக்கின்றன. இதனால் விளையும் கேட்டைப் பின்னால் வேறொரு பதிலில் சொல்கிறேன்.

வாட்ஸ்அப்பில் படத்தைப் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டுத்தான் போய்ச் சேரும். 4000-க்கு 3000 பிக்சல், அதாவது 12 மெகாபிக்சல் உள்ள படம் சிறுத்துவிடும். கண்ணிமையின் ஓரமும் புருவ முடியும் குழம்பிவிடும். அதே செயலியில் ஆவணமாக இணைத்து அனுப்பினால் மூலப்படம் அப்படியே போகும். மின்னஞ்சலிலோ கூகுள் டிரைவிலோ அனுப்பினாலும் சரி. வெட்டாமல், நிறம் திருத்தாமல், எடுத்தது எடுத்தபடியே அனுப்புங்கள். மங்கிய படத்தைத் துலக்கித் தருவதாகச் சொல்லும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். இல்லாத கண்ணிமையையும் பல்லையும் அவை தாமாகவே கற்பித்து வரைந்துவிடுகின்றன. அந்தக் கண் யாருடையது என்று யாருக்கும் தெரியாது.

திருமணத்தின்போது தொழில்முறைப் புகைப்படக்காரர் எடுத்த படத்தைக் கொடுத்து ஓவியம் வரையச் சொல்லலாமா? அவர் உரிமை கோருவாரா?
— ஒரு வாசகி, ஃப்ரேசர் டவுன்

பணம் கொடுத்து நீங்கள் எடுக்கச் சொன்ன படம் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, அதன் முதல் பதிப்புரிமை உங்களுடையதே. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. பணம் கொடுத்து வரையச் சொன்ன உருவப்படத்துக்கும் அதே பிரிவு பொருந்தும். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தால் அதை ஒருமுறை எடுத்துப் படித்துக்கொள்ளுங்கள். இணையத்தில் கிடைத்த பிறர் எடுத்த படத்துக்கு இது பொருந்தாது.

அம்மா காலமாகி இருபது ஆண்டுகள் ஆகின்றன. அப்பாவுக்கு இப்போது 78 வயது. இருவரும் அருகருகே அமர்ந்திருப்பதுபோல ஓவியம் வேண்டும். அம்மாவின் படங்களாக இருப்பவை: கண்ணாடிச் சட்டத்தில் ஒரு கறுப்பு வெள்ளைத் திருமணப் படம், வாக்காளர் அட்டை, பாஸ்போர்ட் அளவுப் படம் ஒன்று, உறவினர் திருமணங்களில் எடுத்த கூட்டப் படங்கள் நான்கைந்து. எதைக் கொடுப்பது?
— ஒரு வாசகர், மல்லேஸ்வரம்

எல்லாவற்றையும் கொடுங்கள். ஆனால் முகத்துக்கு ஆதாரமாக ஒன்றை மட்டுமே தேர்ந்தெடுக்க வேண்டும், மற்றவை சாட்சிகள். கண் ஒரு படத்திலிருந்து, வாய் இன்னொன்றிலிருந்து என்று எடுத்துச் சேர்த்தால் ஒவ்வொன்றிலும் வெளிச்சம் வெவ்வேறு பக்கத்திலிருந்து வந்திருக்கும். சேர்த்தபின் அம்மாவின் தங்கைபோல ஒருவர் வந்து உட்கார்ந்திருப்பார். நீங்கள் சொன்னவற்றில் பாஸ்போர்ட் அளவுப் படம்தான் ஆதாரமாக இருக்கத் தகுந்தது என்று நினைக்கிறேன். அதன் அளவு 35-க்கு 45 மில்லிமீட்டர். அதை அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற வழக்கமான கணக்கில் ஸ்கேன் செய்தால் 413-க்கு 531 பிக்சல்தான் கிடைக்கும். ஜெராக்ஸ் கடைக்காரரிடம் 1200-இல் வைக்கச் சொல்லுங்கள். 1650-க்கு 2125 பிக்சல் அளவில் வரும். திருமணப் படம்போன்ற பெரிய படங்களுக்கு 600 போதுமானது. கறுப்பு வெள்ளைப் படமானாலும் வண்ண ஸ்கேனாகவே எடுக்கச் சொல்லுங்கள். பழுப்பேறிய கறை எது, உண்மையான நிழல் எது என்று பிரிக்க அது உதவும்.

கண்ணாடிச் சட்டத்திலிருந்து படத்தைக் கழற்றும்போது நிதானம் தேவை. நம் வீடுகளில் ஈரமும் சாம்பிராணிப் புகையும் சேர்ந்து பழைய படம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருப்பது வழக்கம். இழுத்தால் முகத்தின் பூச்சு கண்ணாடியோடு உரிந்து வந்துவிடும். ஒட்டியிருந்தால் அப்படியே விட்டுவிட்டு, சட்டத்தை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் நிறுத்தி, உங்கள் பின்னால் ஒரு கறுப்புப் போர்வையைத் தொங்கவிட்டு, கைபேசியை நேராகப் பிடித்து எடுங்கள், பிரதிபலிப்பு இருக்காது. திருமணப் படத்தை நம்புவதிலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். அந்தக் கால ஸ்டுடியோக்களில் நெகட்டிவின் மேலேயே மெல்லிய பென்சிலால் தீட்டிக் கன்னத்துச் சுருக்கங்களையும் பருக்களையும் மறைப்பார்கள். மணப்பெண்ணின் முகம் பளிங்குபோல இருப்பதில் பென்சிலின் பங்கும் உண்டு.

இப்போது இடவலம் பற்றி. பல ஆண்டுகளுக்கு முன்பு, காலமான ஒரு பாட்டியின் படத்தை வரைய ஒரு குடும்பத்தார் என்னிடம் கொடுத்தது, எப்போதோ ஒரு ஸ்டுடியோவில் எடுத்த நகல். முகமும் இழுத்துப் போர்த்திய புடவைத் தலைப்பும் மட்டுமே தெரியும் படம் அது. வரைந்து கொண்டுபோய்க் கொடுத்தேன். எழுபது வயதான மூத்த மகள் வெகுநேரம் பார்த்துவிட்டு, "அம்மா மாதிரியும் இருக்கு, வேற யாரோ மாதிரியும் இருக்கு" என்றார். எல்லோரும் அமைதியாக இருந்தோம். பிறகு சமையலறையிலிருந்து வந்த இளைய மகள், ஓவியத்தைப் பார்த்த கணத்திலேயே, தன் மூக்கின் வலப்பக்கத்தைத் தொட்டுக்கொண்டு, "மூக்குத்தி இந்தப் பக்கம் இல்ல இருக்கணும்?" என்றார். நகல் எடுத்தபோது நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சிட்டிருக்கிறார்கள். நானும் அதை நம்பி முழு முகத்தையும் கண்ணாடிப் பிம்பமாக வரைந்திருக்கிறேன். எந்த முகமும் இரு பக்கமும் ஒன்றாக இருப்பதில்லை என்பதால், திருப்பிவிட்டால் பெற்ற பிள்ளைகளுக்கே அந்நியமாகிவிடுகிறது. மறுபடி முதலிலிருந்து வரைந்தேன். அன்று முதல் பழைய படம் எது வந்தாலும் முதலில் தேடுவது திசை காட்டும் அடையாளத்தைத்தான். ஆண்கள் சட்டையில் பை இடப்பக்கம் இருக்கும், இடப்பக்கத் துணி வலப்பக்கத்தின் மேல் ஏறிப் பொத்தான் பூட்டியிருக்கும்; பூணூல் இடத்தோளில் கிடக்கும்; கடிகாரம் பெரும்பாலும் இடக்கையில் இருக்கும்; புடவைத் தலைப்பு பொதுவாக இடத்தோளில் விழும், மடிசாரில் மட்டும் குடும்ப வழக்கத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பின்னணியில் ஒரு நாள்காட்டி எழுத்து தெரிந்தால் வேறெதுவும் வேண்டாம். உங்கள் அம்மாவின் வகிடு, மூக்குத்தி, மச்சம் எந்தப் பக்கம் என்று அப்பாவைக் கேட்டு ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

நிறத்துக்கு வழி கறுப்பு வெள்ளையில் இல்லை. பெரியம்மா, சித்தி, உங்கள் தங்கை ஆகியோரில் யார் அம்மாவின் நிறத்தை ஒத்தவரோ அவரை ஜன்னலருகே உட்கார வைத்து ஒரு படம் எடுத்துக் கொடுங்கள். கைகளுக்கும் அவரே போதும். பீரோவில் அம்மாவின் புடவை இருந்தால் தோளில் போட்டு அதே இடத்தில் எடுங்கள். நகை இருந்தால் அதையும்.

இருவரையும் ஒரே ஓவியத்தில் உட்கார வைப்பதுதான் கடினமான பகுதி. அதன் திறவுகோல் உங்கள் கையில் இருக்கிறது. அம்மாவின் படத்தை இனி மாற்ற முடியாது. அப்பாவின் படம் இன்னும் எடுக்கப்படவில்லை. எனவே அம்மாவின் படத்தில் மூக்கின் நிழல் எந்தப் பக்கம், எவ்வளவு சாய்வாக விழுகிறது என்று முதலில் பாருங்கள். கேமரா அவருடைய கண்மட்டத்தில் இருந்ததா, சற்று மேலே இருந்ததா என்பதையும் பாருங்கள். அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அப்பாவின் மூக்கு நிழலும் அதே பக்கம் விழும்வரை அவருடைய நாற்காலியைத் திருப்பி எடுங்கள். அம்மாவின் படம் ஸ்டுடியோவில் நேர் எதிர் விளக்கில் எடுத்ததாக இருந்து நிழலே இல்லையென்றால், அப்பாவுக்கும் வெளிச்சம் முன்பக்கத்திலிருந்தே வரட்டும். மேலே நான் சொன்ன முக்கோணத்தை இங்கே விட்டுவிட வேண்டியதுதான். வயது வேறுபாடு பற்றிக் கவலைப்படுகிறீர்கள். அம்மாவை ஐம்பதிலும் அப்பாவை எழுபத்தெட்டிலும் வரைந்த ஓவியங்களை நான் பார்த்திருக்கிறேன். வெளிச்சம் ஒத்துப்போனால் பார்ப்பவர்கள் வயதைக் கணக்குப் பார்ப்பதில்லை.

அக்காவுக்குப் பரிசளிக்க ஓவியம் வரையச் சொல்லப்போகிறோம். அக்கா மாநிறத்தைவிடச் சற்றுக் கறுப்பு. கைபேசியில் ஒரு படத்தில் மிகவும் கறுத்தும் இன்னொன்றில் வெளுத்தும் வருகிறார். எது சரி? ஓவியத்தில் கொஞ்சம் நிறமாக வரையச் சொல்லலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள்.
— ஒரு வாசகி, ராமமூர்த்தி நகர்

இரண்டுமே சரியில்லை. கேமரா தன் முன்னால் உள்ள எல்லாவற்றையும் சராசரியாக நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். அக்கா வெள்ளைச் சுவர் முன்னால் நின்றால் சுவரை அடக்குவதற்காக முகத்தையும் சேர்த்து இருட்டாக்கும். கரிய திரை முன்னால் நின்றால் முகத்தை வெளுக்கவைக்கும். பின்னால் ஒரு பழைய சாம்பல் நிறப் போர்வையைக் கட்டுங்கள். திரையில் அக்காவின் கன்னத்தை விரலால் தொட்டு, வெளிச்சம் அதற்கேற்ப அமைந்த பிறகு எடுங்கள். ஒரு படத்தில் மட்டும் அவர் ஒரு வெள்ளைத் தாளை முகவாய்க்குக் கீழே பிடித்திருக்கட்டும். அந்தத் தாள் படத்தில் நீலமாகவோ மஞ்சளாகவோ தெரிந்தால், முகத்திலும் அதே அளவு பிழை கலந்திருக்கிறது என்று ஓவியர் கணக்கிட்டுத் திருத்திக்கொள்வார்.

நிறமாக வரையச் சொல்வது பற்றி: என்னிடம் கேட்பவர்களிடம் நான் மறுத்துவிடுகிறேன். கறுத்த தோலில் ஜன்னல் வெளிச்சம் விழும்போது நெற்றி மேட்டிலும் கன்ன எலும்பிலும் வானத்தின் நீலம் மெல்லிய பட்டையாகப் படியும். மாம்பழ மஞ்சளில் பட்டு உடுத்தியிருந்தால் தாடையின் அடியில் அந்த மஞ்சள் ஏறி நிற்கும். நிழலில் செம்மண்ணும் கத்திரிப்பூ நிறமும் கலந்து கிடக்கும். வெளுப்பாக்கச் சொன்னால் ஓவியர் முதலில் இழப்பது இவற்றைத்தான். முகம் சுண்ணாம்பு பூசியதுபோல நிற்கும். முடிந்தால் மைசூர் ஜகன்மோகன் அரண்மனைக்குப் போய் ரவி வர்மாவின் ஓவியங்களை ஒரு சுற்றுப் பாருங்கள். முகத்தை விட்டுவிட்டு, வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, நிழலுக்குள் என்னென்ன நிறங்கள் இருக்கின்றன என்று மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள். வீட்டில் உள்ளவர்களையும் அழைத்துப் போவது நல்லது.

எங்கள் பெண்ணுக்கு நான்கு வயது. ஒரு நிமிடம்கூட உட்கார மாட்டாள். வீடியோ எடுத்து அதிலிருந்து ஒரு படத்தைப் பிரித்துக் கொடுக்கலாமா?
— ஒரு வாசகி, ஜெயநகர்

வீடியோவை 4கே தரத்தில் எடுத்தால் ஒவ்வொரு சட்டமும் (ஃபிரேம்) ஏறத்தாழ 8 மெகாபிக்சல் இருக்கும், போதுமானது. வழக்கமான முழு எச்டி வீடியோவில் 2 மெகாபிக்சல்தான் கிடைக்கும். ஆனால் வெளிச்சம் குறைந்த அறையில் ஓடும் குழந்தையின் முகம் ஒவ்வொரு சட்டத்திலும் இழுபட்டுப்போயிருக்கும் என்பதால், பொத்தானை அழுத்திப் பிடித்துத் தொடர்ச்சியாகப் படங்கள் எடுக்கும் முறையே மேல். அவளை உட்கார வைக்க முயலாதீர்கள். ஜன்னலுக்கு அடியில் தரையில் ஒரு தட்டில் தண்ணீரும் இரண்டு கிண்ணமும் வைத்துவிட்டு, நீங்கள் ஆறடி தள்ளித் தரையில் படுத்துக்கொள்ளுங்கள். கைபேசி அவள் கண்மட்டத்தில் இருக்க வேறு வழி கிடையாது. ஊற்றி ஊற்றி விளையாடுவதில் ஆழ்ந்துபோய், தண்ணீர் சிந்திவிட்டதா என்று அவள் நிமிர்ந்து உங்களைப் பார்ப்பாள். அப்போது பொத்தானை அழுத்திப் பிடியுங்கள்.